ஒரு சாண் பின்னுக்கு

வடலூரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மாலை ஏழரை. டீக்கடையில் வழி கேட்டேன். கடைக்காரர் தம்ளரைக் கழுவியபடியே, "சாப்ட்டீங்களா?" என்றார். இல்லை என்றதும், "அப்ப இங்க பன்னு கின்னு வாங்கித் தின்னுடாதீங்க. நேரா தருமச்சாலைக்குப் போங்க. பசியோட போனாத்தான் அது என்ன எடம்னு தெரியும்" என்றார். தன் வியாபாரத்தைத் தானே கெடுத்துக்கொண்டதாக அவர் நினைத்ததாகத் தெரியவில்லை.

சொன்னபடியே பசியோடு போய்ப் பந்தியில் உட்கார்ந்தேன். சோறு, சாம்பார், ரசம், மோர். பெயர், ஊர் எதையும் எவரும் விசாரிக்கவில்லை. எனக்கு இடப்பக்கம் காவி வேட்டிப் பெரியவர் ஒருவர். வலப்பக்கம், செல்போனில் யாரையோ திட்டிக்கொண்டே சாப்பிட்ட லாரி கிளீனர் பையன். பரிமாறியவர் வெள்ளை வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தார். "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுங்களா ஐயா?" என்பது ஒன்றுதான் அன்றிரவு என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி.

மறுநாள் விடியும் முன்பே சமையல்கட்டுக்குப் போய்விட்டேன். நான் பார்க்க வந்தது அந்த அடுப்பை. 1867-ஆம் ஆண்டு மே 23 அன்று வள்ளலார் இங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கியபோது மூட்டிய நெருப்பு இன்றுவரை அணையவில்லை என்கிறார்கள். அணையா அடுப்பு என்றே அதற்குப் பெயர். நீளம் 21 அடி. அகலமும் ஆழமும் இரண்டரை அடி. பக்கத்தில் போய் நின்றால் ஒரு வாய்க்கால்போலக் கிடக்கிறது, தண்ணீருக்குப் பதில் தணலோடு.

அடுப்பைப் பார்த்துக்கொள்கிறவருக்கு அறுபது வயதிருக்கும். இடது புருவத்தில் பாதி இல்லை. இரவெல்லாம் எப்படி அணையாமல் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். வாயால் சொல்லாமல் குச்சியால் காட்டினார். ராத்திரிச் சமையல் முடிந்ததும் பருத்த கட்டை ஒன்றை அடியில் கிடத்துவார். கங்குகளை அதையொட்டி ஒதுக்கி, மேலே சாம்பலைப் பரப்புவார். சாம்பல் கூடினால் காற்றில்லாமல் கங்கு செத்துப்போகும். குறைந்தால் கட்டை விடியுமுன் எரிந்து தீர்ந்துவிடும். "புள்ளைக்குப் போர்த்துற மாதிரிதாங்க ஐயா. மூஞ்சிய மட்டும் மூடிடக் கூடாது."

விறகிலும் அவருக்குத் தரம் உண்டு. சுற்றுவட்டாரம் முழுக்க முந்திரிக்காடு. முந்திரிக் கட்டை சட்டென்று பிடித்துக்கொள்ளும், ஆனால் நிற்காது. ராத்திரிக்குப் புளியங்கட்டைதான் வேண்டும். விடிகாலையில் சாம்பலை விலக்கி, காய்ந்த தென்னம்பாளையைக் கங்கின்மேல் வைத்து இரண்டு முறை ஊதினார். புகை என் கண்ணை நிரப்பியது. நான் கண்ணைக் கசக்கி முடிப்பதற்குள் தீ எழுந்திருந்தது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அணையாத நெருப்பு என்று கேள்விப்பட்டபோது மனதில் ஏதோ அதிசயம்போல இருந்தது. இங்கே வந்து பார்த்தது, தினமும் யாரோ ஒருவர் தூக்கம் கெட்டுச் செய்யும் வேலை.

காய் நறுக்கும் இடத்தில் ஏழெட்டுப் பெண்கள் அரிவாள்மணையோடு உட்கார்ந்திருந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்து அம்மா ஒருவர் மூன்று நாள் சேவைக்கென்று வந்து, மூன்று மாதமாக இங்கேயே இருக்கிறார். நானும் ஒரு பூசணிக்கீற்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் துண்டங்களைப் பார்த்து அவர் சிரித்துவிட்டார். "வீட்டுச் சட்டிக்கு நறுக்குதீய தம்பி. பெரிய அண்டால காய் ரொம்ப நேரம் கெடக்கும். இம்புட்டுச் சின்னதாப் போட்டா இருந்த எடம் தெரியாமக் கரைஞ்சிரும்." அடுத்த கீற்றை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டினேன். சுவரோரம் அரிசி மூட்டைகள். ஒன்றில் கொடுத்தவர் பெயர்கூட இல்லை. 'அப்பா நினைவாக' என்று மட்டும் பேனாவால் எழுதியிருந்தது.

எத்தனை பேருக்குச் சமைக்கிறீர்கள் என்று அண்டாவருகே நின்ற சமையல்காரரிடம் கேட்டேன். மாதப் பூசம், அமாவாசை என்றால் கூட்டம் கூடும். மற்ற நாளில் கணக்குச் சொல்ல முடியாது என்றார். முதல் பந்தி உட்காரும்போதே ஆள் அனுப்பித் தலை எண்ணிவிடுவாராம். அதற்காகவே ஓர் அண்டாவில் உலை மட்டும் கொதித்துக்கொண்டே இருக்கிறது. கூட்டம் மிஞ்சினால் அரிசியைக் களைந்து போட வேண்டியதுதான் பாக்கி. வருகிறவரைத் திருப்பி அனுப்பாமலிருக்க நல்ல மனம் மட்டும் போதாது, கொதிக்கிற தண்ணீரும் தயாராக இருக்க வேண்டும்.

இந்த அடுப்பு நிற்கும் மண்ணும் அன்னதானத்தைப்போலக் கொடுக்கப்பட்டதுதான். வள்ளலார் பக்கத்துக் கருங்குழியில் தங்கியிருந்த காலத்தில், பார்வதிபுரத்து ஊரார் 80 காணி நிலத்தை எழுதிக் கொடுத்தார்கள். இன்றைய கணக்கில் நூறு ஏக்கருக்கு மேல். அப்போது தருமச்சாலைகூடக் கிடையாது. அவர்கள் கொடுத்த பத்தாண்டுக்குள் தாது வருஷப் பஞ்சம் வந்தது. அதற்குள் அடுப்பு மூண்டிருந்தது. இன்றும் தைப்பூசக் கொடியேற்றத்தன்று பார்வதிபுரத்தார் சீர்வரிசைத் தட்டுகளோடு வருகிறார்கள். பெண் கொடுத்த வீட்டார் வரிசை கொண்டுவருவதுபோல, நிலம் கொடுத்தவர்கள்.

ஆகவே, அவர்கள் கொடுத்த அந்த நிலத்தில், மக்கள் கூடி ஜோதி பார்க்கும் பெருவெளியில் வள்ளலார் சர்வதேச மையம் கட்ட அரசு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியபோது அவர்கள் எதிர்த்ததில் வியப்பில்லை. வருகிறவர்களுக்கு வசதி என்றது அரசு. வெளியை வெளியாகவே விடுங்கள் என்றது ஊர். தானமாகக் கொடுத்தபின் கொடுத்தவருக்கு என்ன பேச்சு என்று கேட்கலாம். சீர்வரிசைத் தட்டு இன்னும் அந்த ஊரிலிருந்துதான் வருகிறது என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கிறது.

மதியத்துக்கு முன், ஜோதி வழிபாடு நடக்கும் ஞான சபைக்கு நடந்தேன். எண்கோண வடிவில் எழுந்த அந்தச் சபை 1872 ஜனவரி 25 அன்றுதான் வழிபாட்டுக்கு வந்தது. முதலில் அடுப்பு, ஏறக்குறைய ஐந்தாண்டு கழித்தே விளக்கு. சபையின் வாசலில் ஒரு நிபந்தனை இருக்கிறது: கொலையையும் புலாலையும் விட்டவர்கள் மட்டுமே உள்ளே வரலாம். ஞாயிற்றுக்கிழமைதோறும் மீன் தின்கிற நான் வெளியே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். முந்தின இரவு பந்தியில் இப்படி யாரும் என்னை நிறுத்தவில்லை. பசித்தவரின் நாடு, சாதி, சமயம், நடத்தை எதையும் பார்க்காமல் பசியாற்ற வேண்டும் என்று எழுதிய வள்ளலார்தான் இந்த நிபந்தனையையும் வைத்தார். சோற்றுக்கு ஒரு வாசல், ஜோதிக்கு ஒரு வாசல். எதை எங்கே கேட்கலாம், எதை எங்கே கேட்கக் கூடாது என்பது அவருக்குத் தெளிவாக இருந்திருக்கிறது.

ஊருக்குக் கிளம்புமுன் அடுப்படிக்குப் போனேன். ஒரு கட்டையை நான் தள்ளிப் பார்க்கட்டுமா என்று அடுப்புக்காரரிடம் கேட்டேன். "தாராளமா. முதல்ல கைகால் கழுவிட்டு வாங்க" என்றார். கழுவிவிட்டு வந்து, நீண்டிருந்த கட்டையின் முனையைப் பிடித்து உள்ளே தள்ளினேன். தீ குபுக்கென்று எழுந்து அண்டாவின் விளிம்பைத் தொட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் பேசாமல் குனிந்து, அதே கட்டையை ஒரு சாண் பின்னுக்கு இழுத்தார்.

"சோறு அடிபுடிச்சிடும் ஐயா."

தீ இறங்கியது. இன்னும் நான்கு விரல்கடை இழுத்துவிட்டு, "இப்ப சரி" என்றார்.