எல்மர் ஃபட்டை யார் ஜெயிப்பார்?

அன்புள்ள கோமதிக்கு,

கல்யாண வம்பெல்லாம் அப்புறம். முதலில் இதைக் கேள். எங்கள் அக்கா மகன் தத்துவப் புத்தகமும் கையுமாகத் திரிகிறான். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. எதற்குப் படிக்கிறான் தெரியுமோ? சூப்பர்மேனும் ‘டிராகன் பால்’ கோக்குவும் மோதினால் யார் ஜெயிப்பார் என்று தீர்ப்புச் சொல்ல! ‘பவர் ஸ்கேலிங்’காம். நாம் ரஜினியா கமலா என்று மல்லுக்கட்டினோமே, அதேதான்டி. இவர்கள் சாட்சிக்கு பிளேட்டோவைக் கூப்பிடுகிறார்கள், அவ்வளவுதான்.

யார் மலையைத் தூக்கினார், யார் கிரகத்தை உடைத்தார் என்பதெல்லாம் பழங்கதையாகிவிட்டது. 1961-இல் ‘ஃப்ளாஷ்’ காமிக்ஸில் இரண்டாவது பூமி ஒன்று முளைத்தது. அப்புறம் பூமிகள் பெருகிப் பெருகி, 1985-இல் அந்தக் காமிக்ஸை வெளியிட்ட டிசி கம்பெனியே ஒரு பெரிய கதை எழுதி அவற்றை ஒழித்துக்கட்ட வேண்டியதாயிற்று. ஒரு பூமியை உடைத்தவனை இப்போது யார் மதிக்கிறார்கள்?

அதனால் பையன் டேவிட் லூயிஸைப் பிடித்துக்கொண்டான். இருக்கக்கூடிய ஒவ்வொரு உலகமும் நம் உலகம் போலவே நிஜமாக இருக்கிறது என்று 1986-இல் புத்தகமே எழுதிய அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர். அத்தனை உலகத்தையும் ஒரே குத்தில் நொறுக்குபவன்தான் நம்பர் ஒன் என்பது இவன் கட்சி. முழுசாகப் படித்தால்தானே! லூயிஸ் கணக்கில் ஓர் உலகத்துக்கும் மற்றதற்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. இங்கே குத்தினால் அங்கே வலிக்காது. போதாததற்கு, கோக்கு மாதிரி ஒருவன் ஜெயிக்கும் உலகம் ஒன்று இருந்தால், அவனைப் போன்ற இன்னொருவன் மண்ணைக் கவ்வும் உலகமும் இருக்கும். பொருள்களுக்கெல்லாம் மூலம் என்று பிளேட்டோ சொன்ன வடிவங்களாவது உதவுமா என்றால், அவை மாறாதவை, அசையாதவை. அடிக்கவும் வராது, அடிவாங்கவும் வராது.

கடைசி அஸ்திரம் ஒன்று வைத்திருக்கிறான். தன்னை வரைபவனின் தளத்துக்கே ஏறிவிட்டவன்தான் உச்சமாம். இது எனக்குப் பிடித்திருந்தது. உடனே, 1953-இல் சக் ஜோன்ஸ் எடுத்த ‘டக் அமக்’ கார்ட்டூனைப் போட்டுக் காட்டினேன். டாஃபி வாத்து படாத பாடு படும். பின்னணியை அழிப்பார்கள், குரலைப் பிடுங்குவார்கள், வாத்தையே அழித்துவிட்டு வேறு ஏதோ பிராணியாக வரைவார்கள். அத்தனையும் செய்த பென்சில் யார் கையில் இருந்தது என்று முடிவில்தான் தெரியும்: பக்ஸ் பன்னி! அப்படியானால் சூப்பர்மேனெல்லாம் முயலுக்குக் கீழேதானே?

பையன் முகத்தைப் பார்க்கணுமே. நான் விடுவேனா? 1955-இல் அதே ஜோன்ஸ் எடுத்த ‘ராபிட் ராம்பேஜ்’ படத்தையும் போட்டேன். அதில் பாடுபடுவது பக்ஸ் பன்னி. வரைமேஜையில் உட்கார்ந்து சிரிப்பது, ஒரு முயலைக்கூடச் சுடத் தெரியாத அந்த வேட்டைக்கார மொட்டைத்தலை எல்மர் ஃபட். இவர்கள் விதிப்படியே பார்த்தால் முதல் பரிசு அவனுக்குத்தான்.

பையன் இன்னும் பதில் சொல்லவில்லை. உன் பேரனிடம் கேட்டு உடனே எழுது.

அன்புடன்,
வசந்தி