லெஃப்ட்டுக்கு வாங்குது

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் சாலையில் போனால் சித்தன்னவாசல் பதினாறு கிலோமீட்டர். அந்தத் தூரம் முழுக்க நான் காரோடு மல்லுக்கட்டிக்கொண்டே போனேன். ஸ்டீயரிங்கில் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், சாலையோரப் புளியமரத்தை விசாரிக்கக் கிளம்பிவிடும். எப்போதும் இடப்பக்கம்தான்.

இரண்டு மாதங்களுக்கு முன்புதான் நான்கு டயரும் புதிதாகப் போட்டிருந்தேன். அன்றிலிருந்து இந்த இழுப்பு. நகரத்தில் ஒரு பெரிய கடையில் இரண்டு முறை வீல் அலைன்மென்ட் பார்த்தாகிவிட்டது. இரண்டு முறையும் கம்ப்யூட்டர் தாளில் எல்லாக் கட்டமும் பச்சை. "இனிமே நூல் புடிச்ச மாதிரி போகும் சார்" என்றார்கள். இரண்டு முறையும் காசு கொடுத்தேன். வண்டி இரண்டு முறையும் புளியமரத்துப் பக்கமே போனது.

சித்தன்னவாசல் திருப்பத்துக்குக் கொஞ்சம் முன்னால் வேப்பமர நிழலில் ஒரு தகரக் கொட்டகை. கம்ப்ரஸர், பஞ்சர் பார்க்கிற தண்ணீர்த் தொட்டி, டிராக்டர் டயர்கள் நாலைந்து, சுவரில் சாய்த்துவைத்த டயர் வண்டிச் சக்கரம் ஒன்று. காற்று பிடிக்கத்தான் நிறுத்தினேன். ஐம்பத்தைந்து வயது இருக்கும் அவருக்கு. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தவர் கேஜை வைப்பதற்கு முன் நான்கு டயரையும் உள்ளங்கையால் ஒரு தடவு தடவினார்.

"புதுசாட்டம் இருக்கு. அப்பறம் ஏன் சார் மூஞ்சி இப்புடி இருக்கு?"

"லெஃப்ட்டுக்கு இழுக்குதுண்ணே."

"எப்ப வாங்குது? பிரேக் புடிச்சாலா, ஆக்சிலேட்டர் குடுத்தாலா, சும்மா உருள்றப்பவா?"

பச்சைக் கட்டத்துக்காரர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. பிரேக் பிடிக்கும்போது மட்டும் இழுத்தால் பிரேக்கில் கோளாறு. வேகம் கொடுக்கும்போது மட்டும் என்றால் முன்பக்க புஷ், என்ஜின் மவுன்ட் என்று தேட வேண்டும். சும்மா உருளும்போதும் இழுத்தால் வேறு கதை. என்னுடையது அந்த வேறு கதை.

அவரே ஓட்டிப் பார்த்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். முன்னும் பின்னும் வண்டி இல்லாத நேர்ச்சாலையில் கொஞ்ச தூரம் வலது ஓரமாக ஓட்டினார். எனக்குத் திக்கென்றது. "பயப்படாதீங்க தம்பி, ரோட்டு வாட்டம் பாக்குறேன்" என்றார். சார் போய்த் தம்பி வந்துவிட்டது.

மழைத்தண்ணீர் வடிவதற்காக நடுவில் மேடும் இருபக்கம் சரிவுமாகத்தான் தார்ச்சாலை போடுகிறார்கள். ஒரு மீட்டருக்கு இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் சரிவு. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள் என்பதால் குற்றமே இல்லாத வண்டியும் கையை விட்டால் மெல்ல இடப்பக்கம்தான் சரியும். அமெரிக்காவில் வலப்பக்கம் சரியும். வலது ஓரத்தில் ஓட்டியபோது எங்கள் வண்டி வலப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். அங்கேயும் அது இடப்பக்கமே போனது. சாலை மீது குற்றமில்லை என்று ஆயிற்று.

கொட்டகைக்குத் திரும்பியதும் இறங்கி, இரண்டு முன்சக்கர ரிம்மின் நடுவிலும் புறங்கையை வைத்துப் பார்த்தார், காய்ச்சல்காரக் குழந்தையின் கழுத்தைத் தொடுவதுபோல. காலிப்பர் பின் துருவேறியோ மண் ஏறியோ இறுகிவிட்டால் பிரேக் பேடு டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே இருக்கும். அந்தச் சக்கரம் மட்டும் கொதிக்கும், வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். இரண்டும் ஒரே சூடு. காற்று பார்த்தார். வலது 33, இடது 31. காற்று குறைந்த டயர் உருளச் சிரமப்படும், அதனால் அந்தப் பக்கம் இழுக்கும். ஆனால் இரண்டு பாயின்ட் இந்த இழுப்பு இழுக்காது என்று சொல்லிக்கொண்டே சரிசெய்தார். ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். பால் ஜாயின்ட், பேரிங் சரி. இடமும் வலமும் பிடித்து ஆட்டினார். டை ராடு எண்டு சரி. கையால் சுற்றிவிட்டார், தடையில்லாமல் சுற்றியது.

டேஷ்போர்டில் இருந்த பச்சைத் தாளை எடுத்து நீட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். அதில் மூன்று சங்கதி இருக்கும். பாதங்களை உள்பக்கம் திருப்பி நடப்பதுபோலச் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ இருப்பது டோ. சக்கரத்தின் தலை உள்ளே வெளியே சாய்வது கேம்பர். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருக்கிறதே, அதுபோன்ற சாய்வு கேஸ்டர். கையை விட்டாலும் சைக்கிள் நேராகப் போவதற்கு அதுவும் ஒரு காரணம். கேம்பரோ கேஸ்டரோ இடத்துக்கும் வலத்துக்கும் வித்தியாசப்பட்டால் வண்டி இழுக்கும். ஆனால் நம் ஊர்ச் சின்னக் கார்கள் பலவற்றில் முன்பக்கம் லேசில் திருகித் திருத்த முடிந்தது டோ ஒன்றைத்தான். முன்சக்கர டோ தப்பாக இருந்தால் டயர் தேயும், ஸ்டீயரிங் கோணலாக நிற்கும், வண்டி பெரும்பாலும் இழுக்காது. இழுக்கிற வண்டிக்கு டோவைத் திருகி அனுப்புவது, வயிற்றுவலிக்காரனுக்கு நகம் வெட்டி அனுப்புவதுபோலத்தான். இந்த உவமை என்னுடையது. அவர் இவ்வளவு கடுமையாகப் பேசுகிறவர் இல்லை.

"இதுல எல்லாம் சரியாத்தான் இருக்கு தம்பி. அதனாலதான் சொல்றேன், கோளாறு இதுல இல்ல."

அவர் திருச்சி பால்பண்ணைப் பக்கம் ஒரு லாரிப் பட்டறையில் பதினைந்து வயதில் சேர்ந்து தொழில் பழகியவர். அங்கே அலைன்மென்ட் என்றால் நூல்தான். பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரை நைலான் நூலை இழுத்துக் கட்டி, நூலுக்கும் டயருக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேல் வைத்து அளப்பார்கள். டிரெய்லருக்கும் டயர் வண்டிக்கும் இன்றைக்கும் அப்படித்தான் பார்க்கிறாராம். மாட்டு வண்டியும் இழுக்குமா என்று கேட்டேன். "வலத்த மாடும் இடத்த மாடும் ஒரு சோடியா அமையலன்னா, அச்சு என்ன நேரா இருந்து என்ன" என்றார்.

அந்த நேரம் பார்த்து நெல் மூட்டையோடு ஒரு டிராக்டர் வந்து நின்றது. டிரெய்லர் டயர் பஞ்சர். "அத அனுப்பிட்டு வர்றேன். டிவிஎஸ் 50 நிக்கிது, எடுத்துட்டுப் போயி மலையப் பாத்துட்டு வாங்க" என்று சாவியைக் கொடுத்தார். ஊர் பேர் தெரியாத எனக்கு.

சித்தன்னவாசல் மலையில், அறிவர் கோயில் குடைவரையின் விதானத்தில் தாமரைக் குளம் ஓவியமாக. யானை, எருமை, மீன், அன்னம், பூப்பறிக்கும் ஆட்கள். பாதிக்கு மேல் அழிந்துவிட்டது, மிச்சமிருப்பதே மூச்சை நிறுத்துகிறது. கருவறை ஒன்பதரை அடிச் சதுரம். உள்ளே நின்று மெல்ல முனகினால் அறையே சேர்ந்து முனகும். அன்று நான் முனகவில்லை, அண்ணாந்தே நின்றேன். கருவறை விதானத்தில் குடமும் அச்சுமாகக் கல்லில் ஒரு சக்கரம். தர்மசக்கரம் என்பார்கள். சக்கரத்தோடு மல்லுக்கட்டி வந்தவனுக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை.

வெளியே உள்ள கல்வெட்டு ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இந்தக் கோயிலின் அர்த்தமண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபம் எடுத்த செய்தி அதில் இருக்கிறது. முதலில் குடைந்தவர் பெயர் அதில் இல்லை. பழுதுபார்த்தவர் பெயர் நிற்கிறது. வழக்கமாக நம் ஊரில் தலைகீழாகத்தான் நடக்கும்.

திரும்பி வந்தபோது டிராக்டர் போய்விட்டது. என் காரின் முன்சக்கரங்கள் இரண்டையும் கழற்றி இடத்தது வலத்திலும் வலத்தது இடத்திலுமாக மாட்டியிருந்தார். ஒரே திசையில்தான் ஓட வேண்டும் என்று அம்புக்குறி போட்ட டயர் என்றால் இப்படி மாற்றக்கூடாது. என்னுடையதில் அம்பு இல்லை. "இப்ப ஓட்டுங்க."

ஓட்டினேன். அரை கிலோமீட்டர் போவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. வண்டி வலப்பக்கம் வாங்கியது! சாலையின் வாட்டத்தையும் மீறி.

"டயருதான்" என்றார். அவ்வளவுதான் தீர்ப்பு. புது டயர் எப்படி என்று நான் விடாமல் கேட்கவும், குடித்து முடித்த டீ டம்ளரைத் துடைத்து சிமென்ட் தரையில் படுக்கவைத்து உருட்டிவிட்டார். வாய் அகலம், அடி குறுகல். டம்ளர் நேராகப் போகாமல் அடிப்பக்கமாக வளைந்து, அரைவட்டம் போட்டு அவர் காலடிக்கே வந்தது.

ரேடியல் டயருக்குள் ரப்பருக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டை சுற்றியிருக்கும். தயாரிக்கும்போது அந்தப் பட்டை நடுவிலிருந்து சற்று விலகி உட்கார்ந்துவிட்டால், டயரின் ஒரு தோள் விறைப்பாகவும் மறு தோள் நெகிழ்வாகவும் ஆகிவிடும். பார்வைக்கு உருளை, ஓட்டத்தில் டம்ளர். கண்ணுக்குத் தெரியாது, காற்றழுத்தத்தில் தெரியாது, அலைன்மென்ட் மெஷினுக்கும் தெரியாது. அந்த மெஷின் நிற்கிற சக்கரத்தின் கோணத்தை அளப்பது. உருள்கிற டயரின் குணம் அதற்கு எட்டாது. இடம் மாற்றினால் இழுப்பும் பக்கம் மாறும். அதுதான் சோதனை, ஒரு ஜாக்கியும் ஒரு ஸ்பேனரும் போதும்.

இரண்டில் எது என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றாகப் பின்னால் மாற்றி ஓட்டிப் பார்த்தார். முதலில் இடப்பக்கம் இருந்ததுதான் குற்றவாளி. அதைப் பின்சக்கரமாகப் போட்டதும் ஸ்டீயரிங் அமைதியானது. திரும்பாத சக்கரத்தில் அந்தக் கோணல் அவ்வளவாகத் தெரியாது. ரிம்மிலிருந்து டயரைக் கழற்றித் திருப்பிப் போட்டாலும் இழுப்பு மறுபக்கம் போகும், ஆனால் அது சுற்றிவளைத்த வேலை என்றார். வாரன்டியில் மாற்றித் தரச்சொல்லிக் கேட்கலாமே என்றேன். "கேளுங்க. மொதல்ல அலைன்மென்ட் பாருங்கம்பாங்க."

இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. எவ்வளவு என்று கேட்டேன். 200 ரூபாய். சக்கரம் கழற்றி மாட்டிய கூலி அது. ஓட்டிப் பார்த்ததற்கும், தொட்டுப் பார்த்ததற்கும், யோசித்ததற்கும் அவரிடம் ரேட் கிடையாது. பெரிய கடைத் தாளில் ஒவ்வொன்றுக்கும் தனி வரி இருந்தது, ஜிஎஸ்டியோடு. 500 கொடுத்தேன். 300-ஐத் திருப்பிக் கையில் வைத்து அழுத்திவிட்டார். கூச்சமாக இருந்தது, ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

கிளம்பும்போது, "இருங்க" என்று உள்ளே போய் மஞ்சள் பெயின்ட் டப்பாவும் குச்சியும் எடுத்துவந்தார். கெட்ட டயரின் பக்கவாட்டில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பொட்டு வைத்தார். டயர்களை இடம் மாற்றும்போது தெரியாமல் யாராவது அதை முன்னால் கொண்டுவந்துவிடக் கூடாதாம்.

இது நடந்து ஐந்து மாதமாகிறது. வண்டி நேராகப் போகிறது. பொட்டு கொஞ்சம் மங்கியிருக்கிறது, டயர் இன்னும் பின்னால்தான் இருக்கிறது.