ஏழு நாள் பாஸும் ஒரு நாள் காய்ச்சலும்

மியூனிக்கில் படிக்கும் இரண்டு தமிழ்ப் பையன்கள். ஒரே அறை, ஒரே ரைஸ் குக்கர். லீவு விட்டதும் ஐரோப்பாவை ரயிலில் சுற்ற வேண்டும் என்று இரண்டு பேருக்கும் ஆசை. கையில் இருப்பதோ வார இறுதிகளில் உணவகத்தில் பாத்திரம் கழுவிச் சேர்த்த காசு. ஒருவன் ஊரில் பி.காம் முடித்துவிட்டு வந்தவன், எதை எடுத்தாலும் கணக்குப் போடுவான். இன்னொருவன், "ரயில் ஏறினா போதும்டா, மத்ததெல்லாம் அப்புறம்" என்கிற ரகம்.

முதல் சண்டை பாஸா, தனித்தனி டிக்கெட்டா என்பதில் ஆரம்பித்தது.

ஐரோப்பிய ரயில் பாஸில் இரண்டு வகை உண்டு. ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கு 1959ல் தொடங்கிய யூரெயில், உள்ளே வசிப்பவர்களுக்கு 1972ல் தொடங்கிய இன்டர்ரெயில். பாஸ்போர்ட் எந்த நாடு என்பது இங்கே கணக்கில் இல்லை, எங்கே வசிக்கிறார்கள் என்பதுதான் கணக்கு. சென்னையிலிருந்து போகிறவர் யூரெயில் வாங்க வேண்டும். ஜெர்மனியில் தங்கிப் படிக்கும் இந்த இரண்டு பேரும் இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டே இன்டர்ரெயில் வாங்கலாம். 27 வயது வரைக்கும் இளைஞர் விலை. ஒரே சிக்கல், வசிக்கும் நாட்டுக்குள் அந்தப் பாஸ் வெளியே போக ஒரு முறை, திரும்பி வர ஒரு முறை மட்டும்தான் செல்லும்.

1972ல் இது வந்தபோது 21 வயது வரை உள்ளவர்கள் 21 நாடுகளில் சுற்றலாம் என்று இருந்தது. அப்போது பெரும்பாலான ரயில்களில் சும்மா ஏறி உட்கார்ந்துவிடலாம். 1981ல் பிரான்சில் டிஜிவி ஓட ஆரம்பித்தது. அதன் பிறகு அதிவேக ரயில்கள் பெருகப் பெருக, பல நாடுகளில் விமானம் மாதிரி இருக்கைக்கு இருக்கை முன்பதிவு வந்துவிட்டது. இன்றைக்குப் பிரான்சின் டிஜிவி, இத்தாலியின் ஃப்ரெச்சியாரோஸா, ஸ்பெயினின் ஏவிஇ எல்லாவற்றிலும் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தில் பெரும்பாலான பகல் ரயில்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆகவே பாஸின் மதிப்பு எந்த நாட்டுப் பக்கம் போகிறோம் என்பதைப் பொறுத்தது.

பி.காம் பையன் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தான். பாஸின் விலையைப் பயண நாட்களால் வகுத்தான், அன்றைக்கு ஆகும் இருக்கைக் கட்டணத்தைக் கூட்டினான். அந்தத் தொகையைவிட அன்றைய தனி டிக்கெட் அதிகமானால் பாஸ் லாபம், குறைவானால் நஷ்டம். பாடப் புத்தகத்தில் வரும் பிரேக் ஈவன் கணக்குதான், வேறொன்றும் இல்லை :-)

கணக்கு சொன்ன பதில் அவனுக்கே அதிர்ச்சி. இரண்டு மூன்று மாதத்துக்கு முன்பே தேதியும் ரயிலும் முடிவு செய்து தனி டிக்கெட் எடுத்தால் பாஸைவிடக் குறைவாகவே ஆகும் போலிருந்தது! ஆனால் அந்த மலிவு டிக்கெட்டுகளுக்கு ஒரு குணம் உண்டு. அந்த ரயில், அந்த நாள், அவ்வளவுதான். மாற்ற முடியாது, பெரும்பாலும் பணமும் திரும்ப வராது. அறைத்தோழனுக்கோ அரியர் பரீட்சை எந்தத் தேதியில் என்றே தெரியாது.

கடைசியில் பாஸ்தான் வாங்கினார்கள். ஒரு மாதத்துக்குள் ஏதாவது ஏழு நாள் பயணம் செய்யலாம் என்கிற வகை. அதிகமாகக் கொடுத்த காசு, மனம் மாறுகிற உரிமைக்கு என்று பி.காம் பையன் டைரியில் எழுதிக்கொண்டான்.

பிறகு ஒவ்வொரு யூரோவாக மிச்சம் பிடித்தார்கள். மியூனிக்கிலிருந்து சால்ஸ்பர்க் வரை பாஸைத் தொடவே இல்லை. இருவரிடமும் மாதாந்திர டாய்ச்லாண்ட் டிக்கெட் இருந்தது. 2023 மே மாதம் 49 யூரோவுக்குத் தொடங்கி, 2025ல் 58, 2026ல் 63 என்று ஏறினாலும் அது இன்னும் லாபம்தான். ஜெர்மனி முழுக்க உள்ளூர் பஸ், மெட்ரோ, நம்மூர் பாசஞ்சர் மாதிரி நின்று நின்று போகும் ரயில் எல்லாவற்றுக்கும் செல்லும். ஐசிஇ மாதிரி வேக ரயிலில் செல்லாது. எல்லை தாண்டி இருந்தாலும் சால்ஸ்பர்க் நிலையம் வரை அதிலேயே போய்விடலாம். பாஸின் முதல் நாள் அங்கிருந்துதான் தொடங்கியது. எல்லையில் போலீஸ் ஏறிச் சோதிப்பது உண்டு என்பதால் பாஸ்போர்ட், வசிப்பு அட்டை இரண்டும் சட்டைப்பைக்குப் பக்கத்திலேயே இருந்தன.

வியன்னா, பிறகு புடாபெஸ்ட். அங்கிருந்து பகலில் வியன்னா திரும்பி, அன்று இரவே வெனிஸ் போகும் நைட்ஜெட். நள்ளிரவுக்கு முன் கிளம்பி மறுநாள் காலை போய்ச் சேரும் ரயிலுக்குப் பாஸில் கிளம்பும் நாள் மட்டும்தான் கழியும். காலையில் இறங்கிய பிறகு வேறு ரயில் ஏறக் கூடாது, அவ்வளவே. புடாபெஸ்டிலிருந்து வெனிஸ் வரை ஒரே நாள் கணக்கு! படுக்கைக்குத் தனிக் கட்டணம் உண்டு, ஆனால் ஒரு ராத்திரி அறை வாடகை மிச்சம். வெனிஸிலும் தீவுக்குள் தங்கவில்லை. பத்து நிமிட ரயில் தூரத்தில் இருக்கும் மெஸ்த்ரேயில் அறை விலை குறைவு.

ஃப்ளாரன்ஸ் வந்து சேர்ந்தபோது பாஸில் இரண்டு நாள் மிச்சம். ஒன்று ஊர் திரும்ப. இன்னொன்று ரோமுக்கு. காலையில் போய் ராத்திரி திரும்புவதாகத் திட்டம்.

அன்று விடிகாலையில் அறைத்தோழனுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது.

"நீ போய்ட்டு வாடா, நான் தூங்குறேன். பாஸ் வீணாப் போகும்ல" என்றான் போர்வைக்குள்ளிருந்து.

பி.காம் பையன் ஷூவைக்கூட மாட்டிவிட்டான். வேக ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான், கொலோசியம் வாசலில் நின்று ஒரு போட்டோவாவது எடுத்துவிடலாம். இனி எப்போது வரப் போகிறோம்? எத்தனை தட்டு கழுவிய காசு! போகாவிட்டால் ஏழில் ஒரு பங்கு தண்ணீரில் போட்டது மாதிரிதானே?

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஷூ கயிறு கட்டும்போதுதான் இரண்டாம் வருடப் பாடம் ஞாபகம் வந்தது. சங்க் காஸ்ட், அதாவது ஏற்கெனவே செலவாகித் திரும்பி வராத காசு. அடுத்த முடிவை எடுக்கும்போது அதைக் கணக்கில் சேர்க்கவே கூடாது என்று புத்தகம் சொல்லும். பரீட்சையில் அதற்குப் பத்து மார்க் கேள்வி வந்து முழு மார்க்கும் வாங்கியவன் அவன். பாஸ் காசு போன மாதமே போய்விட்டது. இன்றைக்குப் புதிதாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். போக வர இருக்கைக் கட்டணம் கட்டி, காய்ச்சலில் கிடக்கிறவனைத் தனியாக விட்டுவிட்டு, ரோமில் அரக்கப்பரக்க ஒரு பகல் வேண்டுமா?

ஷூவைக் கழற்றினான்.

பச்சை நிறச் சிலுவை மாட்டியிருக்கும் கடைதான் இத்தாலியில் மருந்துக்கடை. அங்கே மாத்திரை, பக்கத்துக் கடையில் அரிசி. ஹாஸ்டல் அடுப்படியில் கஞ்சி கொதித்தது. மலிவாகச் சுற்றுகிறவர்கள் சமையலறை உள்ள ஹாஸ்டலாகப் பார்த்துத் தங்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

சாயங்காலம் காய்ச்சல் இறங்கியது. இருவரும் மெதுவாக ஆர்னோ நதிக்கரை வரை நடந்தார்கள். கண்ணெதிரே போன்தே வெக்கியோ, 1345ல் கட்டிய பாலம். 1944ல் பின்வாங்கிய ஜெர்மன் படை நகரத்தின் மற்ற பாலங்களையெல்லாம் வெடி வைத்துத் தகர்த்தபோது இதை மட்டும் விட்டுவைத்தது. கரையோரச் சுவரில் சாய்ந்து பார்க்கக் கட்டணம் எதுவும் கிடையாது. ஏழு நாளில் அவர்கள் ஒரு ஊரில் கடிகாரம் பார்க்காமல் நின்றது அதுதான் முதல் தடவை.

"ரோம் போச்சேடா" என்றான் தோழன்.

"ரோம் எங்கேயும் போகாது."

மறுநாள் போலோன்யா வழியாக மியூனிக். பாஸ் செயலியில் பயன்படுத்தாத ஒரு நாள் அப்படியே நின்றது, மாதம் முடிந்ததும் காலாவதியானது. டைரியில் அந்தச் செலவுக்கு எதிரே பி.காம் பையன் "நஷ்டம்" என்று எழுதினான். கொஞ்ச நேரம் யோசித்தான். மனம் மாறுகிற உரிமைக்குத்தானே காசு கொடுத்தது? அடித்துவிட்டு, "பயன்படுத்தியாகிவிட்டது" என்று மாற்றி எழுதினான்.