அரைப் புள்ளி

நகரத்தார் கோவில் கணக்கில் மணமான ஆண் ஒரு புள்ளி. அவன் மனைவியும் அதே புள்ளிக்குள் அடக்கம். கணவன் மறைந்தபின் அவள் அரைப் புள்ளி. கோவில் வரியும் பொதுச் செலவுகளும் புள்ளிக்கு இவ்வளவு என்றே பிரிக்கப்படும். எங்கள் அப்பத்தா 1974இல் அரைப் புள்ளியானார். 2011இல் மறையும்வரை, முப்பத்தேழு ஆண்டுகள், அந்த ஏட்டில் அரையாகவே இருந்தார். வரியும் பாதிதானே, அதில் ஒரு பரிவு இருக்கிறது என்று விளக்கம் சொல்வோர் உண்டு. அப்பத்தாவும் அப்படித்தான் சொல்வார். பேரப்பிள்ளைகளாகிய எங்களுக்கு மட்டும் அந்தச் சொல் உறுத்திக்கொண்டே இருந்தது. வீட்டில் நாங்கள் கண்ட அப்பத்தா எந்தக் கணக்கிலும் பாதியாக இருந்தவர் அல்லர்.

எங்கள் வீடு காரைக்குடிக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிவது. முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நீளும். செட்டிநாட்டு வீடு பார்க்க வருகிறவர்கள் பர்மாத் தேக்குத் தூணையும் ஆத்தங்குடிக் கல்லையும் தடவிப் பார்த்துவிட்டுப் பட்டாலையோடு திரும்பிவிடுகிறார்கள். அந்த வாழ்க்கையின் சூட்சுமம் பின்னால் அடுப்படியில் இருந்தது. மணமான மகன் ஒவ்வொருவனுக்கும் வளவைச் சுற்றி ஓர் உள்வீடு. மருமகள் ஒவ்வொருத்திக்கும் பின்கட்டில் தனி அடுப்பு. இதற்கு 'வேறு வைத்தல்' என்று பெயர். சண்டை போட்டுப் பிரிவதன்று. மணமான கையோடு முறைப்படி சாமான் கொடுத்துத் தனியாக உலை வைக்கச் சொல்வது. ஒரே கூரை, ஒரே வாசல், ஒரே கோவில். சோறு மட்டும் வேறு.

1949இல் அப்பத்தா மருமகளாக வந்தபோது அங்கே நான்கு அடுப்புகள் எரிந்தன. மாமியாரின் அடுப்புக்கும் அவருடைய அடுப்புக்கும் நடுவே ஒரு சுவர்கூட இல்லை. ஆயினும் கைமாற்றாக வாங்கிய ஓர் உழக்கு நல்லெண்ணெய் முதற்கொண்டு ஏட்டில் ஏறும், திருப்பித் தந்ததும் அடிக்கப்படும். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர்; ஆனால் சிட்டையும் பேரேடும் தகப்பனாரிடம் கற்றவர். பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழி, இடப்புறம் வரவு, வலப்புறம் பற்று. இந்தக் கணக்கு வழக்கைப் பின்னாளில் கேள்விப்பட்ட நண்பர்கள், மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையே இத்தனை கறாரா என்று முகம் சுளித்தார்கள். எங்களுக்கு அது குளிர்ந்த மனத்தின் வேலையாகத் தோன்றவில்லை. யார் யாருக்கு எவ்வளவு செய்தார்கள் என்பது எழுத்தில் இருந்ததால் அதை ஒருவர் வாயால் இன்னொருவர் கேட்க நேர்ந்ததில்லை. பிள்ளைகளுக்கு இந்த எல்லைகள் கிடையாது. எந்த அடுப்பில் குழம்பு மணக்கிறதோ அங்கே உட்கார்ந்துவிடுவோம். அது ஏட்டில் ஏறாது.

எங்களுக்குப் பின்னங்கள் பள்ளிக்கூடத்தில் வந்தவை அல்ல. பிள்ளையார் நோன்புக்கு மறுநாள், மிஞ்சிய பலகாரத்தைப் பங்கிடும்போது அப்பத்தா வாய்விட்டுச் சொல்லுவார்: பாதி அரை, அதில் பாதி கால், அதில் பாதி அரைக்கால், அதிலும் பாதி மாகாணி. கந்தரப்பம் மாகாணி அளவில் கைக்கு வந்தபோதுதான் பதினாறில் ஒன்று எத்தனை சிறியது என்று புரிந்தது.

பிற்பகலில் சாயமேற்றிய பனையோலையில் கொட்டான் முடைவார். மாலையில் விளக்கு. இரவில் ஏடு. வெளியே போவது குறைவு; போனால் பெரும்பாலும் கோவில். திருமணத்தோடு பெண் தன் பிறந்த கோவிலை விட்டுக் கணவனின் கோவிலைச் சேர்ந்துவிடுகிறாள். அப்பத்தா பிறந்தது பிள்ளையார்பட்டிக் கோவிலில், வந்து சேர்ந்தது வைரவன்பட்டிக் கோவிலில். இரண்டும் ஒன்றுக்கொன்று அருகில். நாங்கள் கூடச் செல்லும் நாள்களில் முதலில் வைரவன்பட்டிக்குப் போய் வளரொளிநாதரையும் வைரவரையும் கும்பிட்டுவிட்டு, திரும்பும் வழியில் தவறாமல் பிள்ளையார்பட்டியில் இறங்கச் சொல்லுவார். வடக்கு நோக்கி அமர்ந்த அந்த இரண்டு கைப் பிள்ளையார் முன் அவர் நிற்கும் நேரம், வைரவன்பட்டியில் நிற்பதைவிட எப்போதும் சற்று அதிகம். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. பிறந்த கோவிலில் பெண்ணுக்கு வரியும் இல்லை, புள்ளியும் இல்லை. அரையாகக்கூட அங்கே அவர் பெயர் எழுதப்படவில்லை.

தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியோடு குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்க அவருக்கு ஆசை. ஒரே ஒரு முறை சிங்கம்புணரிவரை நடந்தார். பால்காரருக்கு மாதக் கணக்குத் தீர்க்க வேண்டும் என்று அங்கிருந்து பேருந்தேறித் திரும்பிவிட்டார்.

எங்கள் பாட்டையா 'கொண்டுவிற்க'ப் போனது பர்மாவுக்கு. வழக்கம்போல மூன்றாண்டுக் கணக்கு, பிறகு ஊர். இந்த வீட்டின் தேக்கு அந்த வட்டிப் பணத்தில் வந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் இரங்கூனில் குண்டு வீசினார்கள்; 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. அதற்குள் பாட்டையா கப்பலேறிவிட்டார். எஞ்சியது ஒரு தகரப்பெட்டி நிறைய நிலப் பத்திரங்கள். இழந்த சொத்தைப் பற்றிய பெருமூச்சு எங்கள் குடும்பங்களில் ஒரு பரம்பரைச் சொத்து. அந்த நிலம் எப்படி வந்தது என்ற பேச்சு மட்டும் எழாது. 1930இல் நெல்விலை சரிந்தது. கடன் கட்ட முடியாத உழவர்களின் வயல்கள் கடன் கொடுத்தவர்களிடம் வந்து சேர்ந்தன. கீழ்ப் பர்மாவின் பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் அவ்வாண்டு சாகுபடி நிலத்தில் சுமார் 6 விழுக்காடு செட்டியார்களிடம் இருந்தது. 1938இல் நான்கில் ஒரு பங்கு. இதை நாங்கள் புத்தகங்களில் படித்துத் தெரிந்துகொண்டோம். பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு எங்களில் ஒருவர் இந்தக் கணக்கைச் சொன்னபோது அப்பத்தா வியக்கவில்லை.

"வரவுன்னு ஒண்ணு எழுதுனா எதிர்ப் பக்கத்துல யாருக்கோ பற்று இருக்கணும்ல? அவன் பேரு இந்தக் காகிதத்துல இல்ல, அம்புட்டுத்தேன்."

பத்திரங்களை மடித்து மறுபடி பெட்டியில் வைத்தார். எரிக்கவும் சொல்லவில்லை, போற்றவும் சொல்லவில்லை.

2009இல் மர வியாபாரி ஒருவர் வீட்டுக்கு விலை பேசி வந்தார். வீட்டுக்கு என்பதுகூடச் சரியில்லை. தூணுக்கும் கதவுக்கும் உத்தரத்துக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளை அறிந்தவர்களுக்கு எத்தனை வீடுகள் இப்படிப் போயின என்பது புதிதன்று. நான்கு அடுப்பாக இருந்த எங்கள் வீடு அப்போது இருபத்து மூன்று பங்காளிகளின் கையில், சென்னை முதல் மலேசியா வரை சிதறிக் கிடந்தது. ஒழுகும் கூரைக்கு யாரும் பொறுப்பில்லை. விற்பனைத் தொகைக்கு எல்லோரும் பொறுப்பு. கையெழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அப்பத்தாவின் கையெழுத்தும் தேவைப்பட்டது. உயில் எழுதாமல் மறைந்தவரின் சொத்தில் அவர் மனைவிக்கு, மகன் மகளுக்குச் சமமாக ஒரு பங்கு என்கிறது 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம். கோவில் ஏட்டில் அரையானவர் சட்டத்தின் ஏட்டில் முழு ஆள்.

அவர் அழவில்லை, பரம்பரை என்ற சொல்லையும் எடுக்கவில்லை. ஏட்டைக் கொண்டுவரச் சொன்னார். விலையை எழுதி, செலவைக் கழித்து, பங்கு போட்டுப் பார்த்தார். ஒரு பங்குக்கு வந்த தொகையில் சென்னையில் ஒரு குளியலறை கட்டலாம்.

"படைப்பை எங்க வச்சுப் படைப்பிய?" என்றார்.

ஆண்டுக்கொரு முறை முன்னோருக்குப் படைக்கும் நாள் அது. பனையோலைப் பேழையில் இருக்கும் சேலைகளை எடுத்து அலசி, புதுச் சேலை சேர்த்து வைப்பது எங்கள் வழக்கம். பேழைக்குள் இருப்பவர்கள் பெரும்பாலும் இளமையில் இறந்த பெண்கள். கோவில் ஏட்டில் காலாகக்கூட ஏறாதவர்களும் அவர்களுள் உண்டு. எங்கள் கேள்விகளுக்குச் சென்னையில் ஒரு மண்டபம் என்ற பதில் ஒன்று இருந்தது. அதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் துணிவில்லை. அவர் கையெழுத்திடவில்லை, வியாபாரி அடுத்த தெருவுக்குப் போனார்.

இது வெற்றிக் கதை அன்று. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. அதனால் எங்கள் கூரையில் ஓர் ஓடும் மாறவில்லை. வீடு பூட்டியே கிடக்கிறது, படைப்புக்கு மட்டும் திறக்கிறது. இரண்டாம் கட்டின் ஒரு மூலை இறங்கிவிட்டது. அப்பத்தாவின் மறுப்புக்கு விலையை நாங்கள் ஆண்டுதோறும் கொடுத்துவருகிறோம், சிலர் மனமுவந்தும் சிலர் முணுமுணுத்தும். இரு பங்காளிகள் கொடுப்பதே இல்லை.

2010இல் மராமத்துச் செலவுக்குப் புள்ளிப் பட்டியல் ஒன்றை அவரே எழுதினார். கடைசி வரி அவருடையது: பெயருக்கு எதிரே அரை. அவருக்குப் பிறகும் அந்த வரியை யாரும் அடிக்கவில்லை. ஆகவே ஆண்டுதோறும் கணக்கில் அரைப் புள்ளி துண்டு விழுகிறது. அதை யார் ஏற்பது என்று படைப்பன்று இரவு பேசி முடிப்போம். கடைசியாகக் கூடியபோது மூவர் ஒருசேர முன்வந்தார்கள். அரையை மூன்றாகப் பிரித்தால் ஆறில் ஒன்று. அரைக்காலுக்கு மேலே, காலுக்குக் கீழே. அவர் சொல்லித் தந்த வாய்ப்பாட்டில் அதற்குப் பெயரில்லை. கைபேசியில் தட்டிப் பார்த்து, மீந்த சில்லறையைப் பால்காரர் மகனிடம் கொடுத்தோம்.