ஒரு வாக்குத் தீவு

கடலடி மண்ணை வாரிக் கொட்டி உருவாக்கிய வெலிங்டன் தீவில், 2020இல் ஒரே ஒரு வாக்கு ஒரு மேயர் கனவைக் கலைத்தது. சின்ன ஊர்களில் வாக்குக்கு எடை அதிகம். மறைவு குறைவு.

எர்ணாகுளம் ஜெட்டியில் அரசுப் படகு கிளம்பும்போது எல்லோருடைய கண்ணும் மேற்கே இருக்கும். சுற்றுலாப் பயணிகளுக்கு ஃபோர்ட் கொச்சியின் சீன வலைகள் வேண்டும். மட்டாஞ்சேரியின் யூதர் தெரு வேண்டும். நடுவில் பச்சையாக, சோம்பலாகக் கிடக்கும் வெலிங்டன் தீவில் இறங்குகிறவர்கள் குறைவு. துறைமுகத்தில் வேலை இருக்கிறவர்கள், நட்சத்திர ஹோட்டலில் அறை எடுத்தவர்கள், வழி தெரியாமல் இறங்கியவர்கள். நான் ஒரு வாக்கைத் தேடி இறங்கினேன்.

அகலமான சாலைகள். இரு பக்கமும் குடை விரித்த பெரிய மரங்கள். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடங்கள், பூட்டிய கோடவுன்கள், துறைமுக ஊழியர்களின் குடியிருப்புகள். சில வீடுகளில் துணி காய்கிறது. சில வீடுகளின் சுவரில் ஆலங்கன்று முளைத்திருக்கிறது. நகராட்சிக் கணக்கில் இது கொச்சி மாநகரத்தின் நடுப்பகுதி. நடந்து பார்த்தால் கிராமம். டீக்கடைக்காரருக்கு வருகிறவர் எல்லோரையும் தெரியும். புது முகத்தைப் பார்த்ததும் "எவிடுந்நா சாரே?" என்று ஊர் விசாரிக்கிறார். மதுரைப் பக்கம் என்றால் தமிழுக்குத் தாவிவிடுகிறார்.

இந்தத் தீவுக்கு வயது நூறு ஆகவில்லை. 1920இல் ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் கொச்சிக்கு வந்தார். அவரை அனுப்பியது சென்னை மாகாண அரசு. அப்போது அங்கே கவர்னர் வெலிங்டன் பிரபு. காயலின் வாயை அடைத்துக் கிடந்த மணல் திட்டினால் பெரிய கப்பல்கள் வெளியே கடலிலேயே நின்றன. பிரிஸ்டோ திட்டை வெட்டினார். 1928 மே 26 அன்று 'பத்மா' என்ற நீராவிக் கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. ஆழப்படுத்தித் தோண்டிய மண்ணை என்ன செய்வது? வெண்டுருத்தி என்ற சிறு தீவை ஒட்டிக் கொட்டினார்கள். சுமார் 780 ஏக்கர் புது நிலம் எழுந்தது. பெரிய மனிதரின் பெயரை வைத்தார்கள். பாலம், ரயில், விமான தளம் எல்லாம் வந்தன.

ஆக, இங்கே பூர்வீகக் குடி என்று சொல்லிக்கொள்ள யாரும் அதிகம் இல்லை. இந்த மண்ணே வந்தேறி. வேலைக்கு வந்தவர்கள் தங்கினார்கள்; வேலை முடிந்ததும் போனார்கள். 1967 நவம்பர் 1 அன்று எர்ணாகுளம், மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி ஆகிய மூன்று நகராட்சிகளைச் சேர்த்து கொச்சி மாநகராட்சியை உண்டாக்கியபோது, மூன்றிலும் அடங்காத வெலிங்டன் தீவைத் தனியாகப் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டியிருந்தது.

பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றது. 1999இல் நெடும்பாசேரி விமான நிலையம் திறந்தது. சிவில் விமானங்கள் அங்கே போயின. தீவின் விமான தளம் கடற்படைக்கு மட்டும் என்றானது. 2011 பிப்ரவரியில் எதிரே வல்லார்பாடத்தில் புதிய கன்டெய்னர் முனையம் வந்தது. தீவிலிருந்த கன்டெய்னர் வேலை அக்கரைக்குப் போனது. ஹார்பர் டெர்மினஸ் ரயில் நிலையத்துக்கு 2018இல் மீண்டும் ஒரு ரயிலை விட்டுப் பார்த்தார்கள். ஏற ஆள் இல்லை. நிறுத்திவிட்டார்கள். தீவின் வட முனையில் நின்றால் வல்லார்பாடத்தின் ராட்சத கிரேன்கள் தெரிகின்றன. பிள்ளை வசதியாக வாழ்வதைப் பக்கத்து வீட்டுத் திண்ணையிலிருந்து பார்க்கும் கிழவனைப் போல இருக்கிறது தீவு.

வேலை போனால் ஆள் போவான். ஆள் போனால் வாக்காளர் பட்டியல் சுருங்கும். அப்படிச் சுருங்கிய ஒரு டிவிஷன்தான் ஐலண்ட் நார்த். கொச்சி மாநகராட்சியின் 74 டிவிஷன்களில் ஒன்றாக 2020 டிசம்பர் 10 அன்று அது வாக்களித்தது. சில நூறு வாக்குகளே பதிவாகும் இடம். காங்கிரஸ் அங்கே நிறுத்தியது என். வேணுகோபாலை. சாதாரண ஆள் அல்ல. கொச்சி பெருநகர வளர்ச்சி ஆணையத்தின் தலைவராக இருந்தவர். ஐக்கிய ஜனநாயக முன்னணி ஜெயித்தால் மேயர் நாற்காலி அவருக்குத்தான் என்று பேசப்பட்டவர். தலைவருக்குப் பத்திரமான இடம் என்று நினைத்துத்தான் சின்ன டிவிஷனைக் கொடுத்திருப்பார்கள்.

டிசம்பர் 16 அன்று எண்ணினார்கள். பாரதிய ஜனதாவின் டி. பத்மகுமாரி வெற்றி. வித்தியாசம் ஒரு வாக்கு.

அன்று 74 இடங்களில் இடது முன்னணிக்கு 34, ஐக்கிய ஜனநாயக முன்னணிக்கு 31, பாரதிய ஜனதா அணிக்கு 5, மற்றவர்களுக்கு 4. யாருக்கும் பெரும்பான்மை இல்லை. சுயேச்சைகளின் கை எந்தப் பக்கம் சாயும் என்ற பேரம் தொடங்கும்போது, ஒரு தரப்புக்கு மேயர் வேட்பாளரே வாசலில் விழுந்துவிட்டார். கடைசியில் சுயேச்சை ஆதரவோடு இடது முன்னணியின் எம். அனில்குமார் மேயரானார். அந்த ஒரு வாக்கு மாறியிருந்தால் ஆட்சி மாறியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் பேரத்தில் உட்காருகிற ஆள் மாறியிருப்பார்.

இப்படித் தோற்றவர் ஒருவர் மட்டுமல்ல. 2004இல் கர்நாடகத்தின் சந்தேமரஹள்ளியில் ஏ.ஆர். கிருஷ்ணமூர்த்திக்கு 40,751, துருவநாராயணாவுக்கு 40,752. 2008இல் ராஜஸ்தானின் நாத்துவாராவில் முதல்வராகக்கூடும் என்று பேசப்பட்ட சி.பி. ஜோஷிக்கு 62,215, எதிராளிக்கு 62,216. ஆனால் அறுபதாயிரத்தில் ஒன்று என்பது விபத்து. சில நூற்றில் ஒன்று என்பது அறிந்த முகம். இந்த ஆளா, அந்த அம்மாவா, மகள் வீட்டுக்குப் போயிருந்த அந்தப் பெரியவரா என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். தீவில் பேச்சுக் கொடுத்தால் இதைத்தான் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். ஜெயித்த பக்கத்தில் ஆளாளுக்கு அது தன் வாக்கு என்கிறார்கள். தோற்ற பக்கத்தில் ஆளாளுக்கு அது இன்னொருவர் வராமல் போன வாக்கு.

தோற்ற வேணுகோபால் வாக்கு இயந்திரத்தில் கோளாறு என்று குறைபட்டார். எர்ணாகுளம் மாவட்டத்தில் இந்தக் குறைக்கு ஒரு பழைய சரித்திரம் உண்டு. 1982 தொடக்கத்தில் கேரள சட்டசபை இரண்டு சம பாதியாகப் பிளந்து நின்றது. கொச்சியின் முன்னாள் மேயர் ஏ.சி. ஜோஸ் அப்போது சபாநாயகர். சமநிலை வரும்போதெல்லாம் தன் ஒரு வாக்கைப் போட்டு கருணாகரன் அரசைக் காப்பாற்றினார். லோனப்பன் நம்பாடன் என்ற ஓர் எம்.எல்.ஏ. ஆதரவை விலக்கினார், மார்ச் 17 அன்று அரசு கவிழ்ந்தது. மே மாதம் ஜோஸ் பரவூரில் நின்றார். இந்தியாவில் முதன்முதலாக வாக்கு இயந்திரம் வைத்துப் பார்த்தது அந்தத் தொகுதியின் 50 சாவடிகளில்தான். ஜோஸ் 123 வாக்கில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் சிவன் பிள்ளையிடம் தோற்றார். இயந்திரத்துக்குச் சட்டத்தில் இடம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் போனார். 1984இல் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. அந்த 50 சாவடிகளில் வாக்குச் சீட்டோடு மறுபடி தேர்தல், ஜோஸ் ஜெயித்தார். இயந்திரத்துக்கு நாடாளுமன்றம் சட்ட வழி செய்தது 1988இல்.

இயந்திரத்தைப் பற்றி எனக்கு வேறொரு கவலை. அது தப்பாக எண்ணுகிறது என்பதல்ல. சின்ன ஊரில் அது அதிகம் சொல்லிவிடுகிறது.

சீட்டுக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ணும் வழி இருந்தது. எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்பது அந்தக் குவியலில் மறைந்துபோகும். இயந்திரம் சாவடி சாவடியாகக் கணக்குச் சொல்கிறது. ஆயிரம் பேர் வாக்களித்த சாவடியில் இது பெரிய விஷயம் இல்லை. ஐம்பது பேர் இருக்கும் மலைக் கிராமத்தில்? எம்.எல்.ஏ. மறுநாளே தெரிந்துகொள்வார், எந்த ஊருக்குத் தண்ணீர் லாரி போக வேண்டாம் என்று. பல இயந்திரங்களின் வாக்குகளைச் சேர்த்துக் கூட்டும் கருவி ஒன்றைத் தேர்தல் ஆணையம் 2008இல் முன்மொழிந்தது. 2015இல் சட்ட ஆணையமும் சரி என்றது. மத்திய அரசு ஏற்கவில்லை.

இந்த நாட்டில் ஒற்றை ஆளுக்காகவும் சாவடி வைக்கிறார்கள். அருணாசலப் பிரதேசத்தின் மாலோகத்தில் ஒரே ஒரு பெண்மணிக்காகத் தேர்தல் ஊழியர்கள் 2024இல் காட்டிலும் மலையிலும் ஏறத்தாழ 40 கி.மீ. போனார்கள். குஜராத்தின் கிர் காட்டில், பானேஜ் கோயிலின் மஹந்த் ஒருவருக்காகப் பல தேர்தல்களில் சாவடி திறந்தது. வாக்களிக்கப் போகிறவர் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் அலையக் கூடாது என்பது விதி. பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் அந்த ஒற்றை வாக்காளரின் ரகசியம் என்னாவது? அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷையரில் டிக்ஸ்வில் நாட்ச் என்ற குக்கிராமம் 1960 முதல் நள்ளிரவிலேயே வாக்களித்து, உடனே எண்ணி, உலகத்துக்கு அறிவிக்கிறது. 2024இல் ஆறு பேர், மூன்றுக்கு மூன்று. அங்கே அது வேடிக்கை. எல்லா ஊரிலும் வேடிக்கையாக இருப்பதில்லை.

மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் நம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது 1996இல். ஒழுங்காகத் தேர்தல் நடந்தது 2006 அக்டோபரில். இடையில் பத்து ஆண்டு யாரும் மனுப் போடாமல் தடுத்தார்கள். மீறினால் தங்கள் சொல்லுக்கு ஆடும் ஆளை நிறுத்தி, ஜெயிக்க வைத்து, அன்றே ராஜினாமா செய்ய வைத்தார்கள். ஊர் சிறியது, யார் எங்கே நடக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். வாக்குப் பெட்டி மட்டும் என்ன ரகசியத்தைக் காக்கும்?

கொச்சியைச் சுற்றியும் சின்ன ஊர்கள் தங்கள் வழியில் வாக்களித்திருக்கின்றன. கிழக்கே கிழக்கம்பலம் ஊராட்சியில், கிடெக்ஸ் ஆடை நிறுவனத்தின் ஆதரவில் உருவான 'ட்வென்டி20' அமைப்பு 2015இல் 19 வார்டுகளில் 17ஐப் பிடித்தது. 2020இல் பக்கத்து ஐக்கரநாட்டில் 14க்கு 14. கட்சிகள் கொடுக்காத சாலையும் மலிவு மளிகையும் கம்பெனி கொடுத்தது என்பார்கள் ஒரு சாரார். சம்பளம் கொடுக்கும் கையே வாக்கையும் கேட்டால் மறுப்பது எப்படி என்பார்கள் மற்றவர்கள். இரண்டு கேள்வியும் நியாயமானவை.

வெலிங்டன் தீவு இந்த இரண்டு வகையிலும் சேராது. இங்கே ஊர்க் கட்டுப்பாடு இல்லை. சாதித் தலைவர் இல்லை. பழைய துறைமுகச் சங்கங்களின் பிடியும் ஆள் குறையக் குறையத் தளர்கிறது. வருத்தம் வேறு. இங்கே வசிப்பவர் பலருக்கு இது ஊர் இல்லை. குவார்ட்டர்ஸில் இருக்கும்வரை வாக்கு இங்கே. ஓய்வு பெற்றால் சொந்த ஊரில். சிலருக்கு இரண்டிடத்திலும் பெயர் இருக்கும். சிலருக்கு எங்குமே இருக்காது. கேரளத்தில் உள்ளாட்சிக்கான பட்டியலை மாநிலத் தேர்தல் ஆணையம் தனியாகத் தயாரிக்கிறது. நாடாளுமன்றத்துக்கு வாக்களித்தவர் கவுன்சிலர் தேர்தலில் பெயரைக் காணாமல் திரும்புவது அதனால்தான்.

இதை எழுதும்போது தில்லி ராமகிருஷ்ணபுரத்திலும் பிலாயிலும் மும்பை மாதுங்காவிலும் இருக்கும் நம்மவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். முப்பது வருஷமாக அங்கே தண்ணீர் வரி கட்டுகிறோம். மனசு மட்டும் தஞ்சாவூர்ப் பட்டியலில் இருக்கிறது. சட்டம் தெளிவாகச் சொல்கிறது: வழக்கமாக எங்கே வசிக்கிறாயோ அங்கேதான் வாக்கு, சொந்தமாக வீடு இருப்பது மட்டும் போதாது. வீடு மாறினால் எட்டாம் நம்பர் படிவம் ஒன்று போதும். நம்மில் எத்தனை பேர் அதை நிரப்பினோம்?

மாலைப் படகுக்கு நேரமாகிவிட்டது. டீக்கடைக்காரரிடம் காசு கொடுக்கும்போது, 2020இல் வாக்களித்தீர்களா என்று கேட்டேன். அன்று ஊரில் கல்யாணம், போய்விட்டேன் என்றார். பிறகு கிளாஸைக் கழுவியபடியே, போகாமல் இருந்திருக்கலாம் என்றார். யாருக்குப் போட்டிருப்பார் என்று நான் கேட்கவில்லை. இத்தனை சின்ன தீவில் ஒருவரிடம் மிஞ்சியிருக்கும் ரகசியம் அது ஒன்றுதான்.