விமானம் பழுதுபார்ப்பவரின் ஆங்கிலம்

விமானப் பராமரிப்புக் கையேடுகளில் ‘ஃபாலோ’ என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான் உண்டு: பின்னால் வருதல். விதியைப் பின்பற்றுக என எழுத அச்சொல் உதவாது. ‘ஒபே’ என்றே எழுத வேண்டும். ‘க்ளோஸ்’ என்றால் மூடு. அருகில் என்பதற்கு ‘நியர்’. செய்முறை வாக்கியம் 20 சொற்களைத் தாண்டலாகாது. ஐரோப்பிய விமானத் தொழில்துறை 1986இல் முதன்முதலாக வழிகாட்டியாக வெளியிட்ட இந்த எளிமைப்படுத்திய ஆங்கிலம், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத மெக்கானிக் எதையும் பிழைபடப் படித்துவிடக் கூடாது என்பதற்காக உருவானது. மொழியியல் வகுப்புகளில் இதை ஒரு பத்தியில் கடந்துவிடுகிறோம்.

கொள்ளேகாலின் பட்டு நெசவுக் குடும்பத்து இளைஞர் ஒருவருக்கு இக்கையேடு தடங்கலின்றிப் புரிகிறது. வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம். (1956 வரை கொள்ளேகால் சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது, அந்த எல்லை மாற்றத்தை இவ்வூர் வீடுகளின் பேச்சு இன்னும் முழுதாக ஏற்கவில்லை.) பராமரிப்புப் பயிற்சி முடித்துப் பெங்களூரில் டெக்னீசியனாகப் பணிபுரிகிறார். பெரும்பாலும் இரவு ஷிப்டு. விமானங்கள் தரையில் நிற்பது அப்போதுதானே. விடிவதற்குள் சக்கரம் மாற்றி, எண்ணெய் பார்த்து, குறைகளைச் சரிசெய்து முடிக்க வேண்டும். பயணிகள் வந்து ஏறும் வேளையில் இவர் உறங்கச் செல்கிறார்.

இரவு வேலை என்ன செய்யும் என்பதற்குச் சான்று 1990 ஜூன் 10. பர்மிங்காமிலிருந்து புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் முன்கண்ணாடி வானில் பிய்த்துக்கொண்டது. பாதி உடல் வெளியே இழுக்கப்பட்ட விமானி உயிர் பிழைத்தார். முந்தைய நாள் பின்னிரவில், ஆள் பற்றாக்குறையால் ஷிப்டு மேலாளரே அக்கண்ணாடியைப் பொருத்தியிருந்தார். உதிரிப்பாகப் பட்டியலைப் பாராமல், கழற்றிய போல்ட்டோடு ஒப்பிட்டுப் புதியவற்றை எடுத்தார். 90 போல்ட்டுகளில் 84 விட்டம் குறைந்தவை. கையேட்டை எளிமையாக்கலாம், அதைப் புரட்டிப் பார்க்க நேரமும் விழித்த கண்ணும் வேண்டும்.

நம் இளைஞரின் இடர்ப்பாடு வேறு. வேலையை யார் செய்தாலும், விமானம் பறக்கத் தகுதியுடையது எனக் கையெழுத்திடுபவர் உரிமம் பெற்ற பொறியாளர். ஊதியமும் மதிப்பும் அக்கையெழுத்தைத் தொடர்கின்றன. 2022 ஜூலையில் இண்டிகோவின் டெக்னீசியன்கள் ஹைதராபாத்திலும் டெல்லியிலும் கூட்டாக நோய்விடுப்பில் சென்றது குறைந்த ஊதியத்தை முன்னிட்டே. உரிமமும் முழுக் காப்பன்று: 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றபோது பொறியாளர்களும் சம்பளப் பாக்கியோடு வீதிக்கு வந்தார்கள். எனினும் உரிமம் உள்ளவர் இன்னொரு நிறுவனத்தின் கதவைத் தட்டலாம்.

அவ்வுரிமத்துக்கு அவரிடம் எஞ்சியிருப்பது விமானச் சட்டத் தாள் மட்டுமே. கையேடு படிக்கும் அளவுக்கு ஆங்கிலம் வேண்டும் என உரிம விதி கோருவது நியாயம். ஆனால் அவ்விதி எழுதப்பட்டிருப்பது கையேட்டின் ஆங்கிலத்தில் அன்று. விலக்குக்குள் விலக்கு, ‘மேற்கூறியவை தவிர’ எனத் தொடங்கிப் பத்தி முழுதும் முற்றுப்புள்ளி காணாத வாக்கியங்கள். பழுதுபார்ப்பவருக்காகச் சொல்லுக்கு ஒரு பொருள் என வகுத்த அதே துறை, அவருடைய தேர்வு நூலை வழக்கறிஞர்களிடம் விட்டுவிட்டது.

அவருடைய குறிப்பேட்டில் ஒவ்வொரு விதியும் இருபது சொல்லுக்குள் அடங்கும் துண்டுகளாக உடைக்கப்பட்டிருக்கிறது. ஓரத்தில் தமிழ்ப் பொருள், கன்னட எழுத்தில்.