ஹண்டர்டன் மேடுகளில் எங்கள் சைக்கிள்கள்

யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மேடு என்றால் என்ன என்று தெரியாது. எங்களுக்குத் தெரிந்த மேடு காற்றுத்தான். சோளகம் வீசும் மாதங்களில் பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் போகிறவர்கள் நெஞ்சு ஹாண்டிலில் முட்டக் குனிந்துதான் மிதிப்பார்கள். வாடைக் காலத்தில் திரும்பி வருவது அதே பாடு. மற்றும்படி குடாநாடு ஒரு தட்டு மாதிரி. வன்னி ரோட்டுகளும் பெரும்பாலும் அப்படித்தான். ஆகவே கியர் என்ற சாமானைப் பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு என்றே நாங்கள் நினைத்திருந்தோம்.

நாங்கள் என்று சொல்வது நியூ ஜேர்சி மாநிலத்தில், நியூ பிரன்ஸ்விக் நகரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து இருக்கும் மூன்று பேரை. மூவரும் ஒரே தொழிற்சாலையில் பொதி கட்டுகிறோம். ஓ.எல். உடன் படிப்பை விட்டவர்கள். இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருடமாக நாங்கள் கண்ட அமெரிக்கா தொழிற்சாலை, சுப்பர்மார்க்கெட், உடுப்புத் தோய்க்கும் கடை, வழக்கறிஞரின் கந்தோர், அவ்வளவுதான். அடுத்த தெருவில் குடும்பத்தோடு இருக்கும் வட்டக்கச்சி அண்ணைதான் ஒருநாள் சொன்னார்: "தம்பியவை, இப்பிடியே இருந்தால் பைத்தியம் பிடிக்கும். சைக்கிள் வாங்குவம்."

கோடையில் சனி, ஞாயிறுகளில் வீட்டு முற்றங்களில் பழைய சாமான்களைப் பரப்பி விற்பார்கள். அங்கே ஆளுக்கு 30, 40 டொலருக்குள் சைக்கிள் எடுத்தோம். வாங்கும்போது பிறேக் கட்டைகளையும் ரயர் வெடிப்பையும் பாருங்கள், நிறத்தைப் பார்க்க வேண்டாம். சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். இங்கு வலப்பக்கத்தால் ஓட வேண்டும். எங்களுக்குக் கை தானாகவே இடப்பக்கம் இழுக்கும், முதல் கிழமை முழுவதும் அதே அவதி. மணி கட்டாயம். இரவில் ஓடினால் முன்னுக்கு வெள்ளை விளக்கும் பின்னுக்குச் சிவப்பும் வேண்டும். 17 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் தலைக்கவசம் போட்டே ஆகவேண்டும் (பெரியவர்களும் போடுங்கள், மண்டை எல்லோருக்கும் ஒன்றுதான்). 2022 மார்ச் மாதம் தொடக்கம் இன்னொரு சட்டமும் இருக்கிறது. சைக்கிளைத் தாண்டும் வாகனம், இடம் இருந்தால், 4 அடி விலகிப் போகவேண்டும். எல்லோரும் விலகுகிறார்கள் என்று சொல்ல மாட்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பரின் வானில் சைக்கிள்களை அடுக்கிக்கொண்டு லாம்பேட்வில் என்ற சிறு பட்டினத்துக்குப் போனோம். அது மாநிலத்தின் மேற்குக் கரை, ஹண்டர்டன் கவுன்ரி. பக்கத்தில் டெலவெயர் ஆறு, அக்கரை பென்சில்வேனியா. நாங்கள் மூவர், அண்ணை, அவருடைய பன்னிரண்டு வயது மகன், ஆக ஐந்து பேர்.

லாம்பேட்வில்லில் இருந்து ஆற்றோரமாக ஒரு கால்வாய் போகிறது. அதன் கரைதான் பாதை. வாகனம் கிடையாது, மேடு பள்ளம் கிடையாது, பொடிக்கல் பரப்பிய தரை, இரண்டு பக்கமும் மரம். சிறு பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் இந்தப் பாதையோடு நின்றால் போதும், ஒரு பயமும் இல்லை. டெலவெயர் ரரிட்டன் கால்வாய் என்று பெயர். 1830க்கும் 1834க்கும் இடையில் வெட்டியது. பிரதான கால்வாய் 44 மைல், அதற்குத் தண்ணீர் கொண்டுபோகும் இந்தக் கிளை 22 மைல். வெட்டியவர்களில் பெரும்பகுதி அயர்லாந்தில் இருந்து பிழைப்புத் தேடி வந்த கூலியாட்கள். மண்வெட்டியும் தள்ளுவண்டியும்தான் ஆயுதம். 1832இல் வாந்திபேதி பரவிப் பலர் செத்துப் போனார்கள். நூறு வருடம் படகு ஓடிய கால்வாய் 1932இல் மூடப்பட்டது, 1974இல் அரசாங்கப் பூங்காவாயிற்று. ஆனால் தண்ணீர் இன்னும் ஓடுகிறது. எங்கள் நியூ பிரன்ஸ்விக் குழாய்க்கு வரும் தண்ணீரிலும் இந்தக் கால்வாய்த் தண்ணீர் உண்டு. அதைத் தெரிந்துகொண்ட பிறகு தேத்தண்ணிக் கேத்திலைப் பார்க்கும் பார்வையே எங்களுக்கு மாறிவிட்டது.

நாலு மைல் போல மிதித்து ஸ்ரொக்ரன் என்ற ஊருக்கு வந்தோம். அங்கே கால்வாயை விட்டு 523ஆம் இலக்க வீதியால் மேலே திரும்பினோம். சார்ஜன்ற்ஸ்வில் என்ற கிராமம் மேட்டில் இருக்கிறது. மூன்று நாலு மைல் ஏற்றம் என்று வரைபடத்தில் பார்த்தபோது ஒரு தூரமாகத் தெரியவில்லை.

ஊரில் செய்வதுபோல எழும்பி நின்று உழக்கினோம். இருநூறு யார் போவதற்குள் மூச்சு வாங்கியது. அப்போதுதான் கியர் மாற்ற நினைத்து ஒருவர் லீவரைத் தட்ட, செயின் 'கடக்' என்று கழன்று விழுந்தது. இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: மேட்டில் ஏறியபின் கியர் மாற்றக்கூடாது. அடிவாரத்திலேயே, கால் இலேசாகச் சுற்றும்போதே, இலகுவான கியருக்கு வந்துவிட வேண்டும். பிறகு இருந்தபடியே, அவசரம் இல்லாமல், தையல் மெசின் மிதிப்பதுபோல மிதித்தால் போதும். வேகம் நடக்கிற வேகம்தான், ஆனால் ஏறும்.

அண்ணை இதொன்றும் செய்யவில்லை. அடிவாரத்திலேயே இறங்கிவிட்டார். ஒரு கை ஹாண்டிலில், மற்றக் கை பின் கரியரில், சைக்கிளைச் சற்றுத் தன் இடுப்பில் சாய்த்துக்கொண்டு உருட்டத் தொடங்கினார். கரியரில் எங்கள் சாப்பாட்டுப் பை மட்டும்தான். மகனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "அப்பா, கியரை மாத்துங்கோ, ஓடலாம்." அவர் கேட்கவில்லை. செயின் கழன்றவர்களும் இறங்கி அவரோடு உருட்டினோம்.

பாதி வழியில் அவராகச் சொன்னார். 2009 தை மாதம் வட்டக்கச்சியில் இருந்து வெளிக்கிட்டபோது கரியரில் அம்மா, ஹாண்டிலில் அரிசிப் பை, பாருக்குள் ஒரு தறப்பாள். விசுவமடு, சுதந்திரபுரம், புதுக்குடியிருப்பு, இரணைப்பாலை, மாத்தளன் என்று வைகாசி வரை உருட்டியிருக்கிறார். "ஒரு கை கரியரில இருக்கவேணும் தம்பி. இல்லையெண்டால் அம்மா சரிஞ்சு விழுந்திடுவா." வலைஞர்மடம் மட்டும்தான் அம்மா வந்தா. முள்ளிவாய்க்காலில் சைக்கிளையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு வட்டுவாகல் பாலம் கடந்தாராம். அந்தக் கடற்கரை முழுவதும் சைக்கிள்கள் கிடந்ததை எங்களில் இருவரும் கண்டிருக்கிறோம். கொஞ்சம் பொறுத்து அவர் சொன்னார்: "புது ரியூப் போட்டு ஒரு கிழமைகூட ஆகேல்லை."

அதற்கு என்ன பதில் சொல்வது? மேட்டின் உச்சிவரை எல்லோரும் உருட்டினோம். மகனும் இறங்கிவிட்டான். வழியில் ஒரு பொலிஸ் வாகனம் மெதுவாக எங்களைத் தாண்டிப் போனது. ஐந்து பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம். உள்ளே இருந்தவர் கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

சார்ஜன்ற்ஸ்வில்லுக்கு மேற்கே இறக்கம். இறக்கம் சுகம் என்று நினைப்பது தட்டை நிலத்து ஆட்களின் பிழை. பின் பிறேக்கை விடாமல் பிடித்துக்கொண்டு வந்த எங்களில் ஒருவர் வளைவில் சில்லு இழுபட்டுப் புல்லில் விழுந்தார். முழங்கை உரஞ்சியதோடு தப்பினார். இரண்டு பிறேக்கையும் சேர்த்து, பிடித்து விட்டு, பிடித்து விட்டு இறங்க வேண்டும். வேகம் கூடுமுன்னே பிடிக்க வேண்டும்.

இறக்கத்தின் அடியில் விக்கச்சியோக் என்ற ஓடை. அதன்மேல் கூரையும் மரச்சுவரும் போட்ட பாலம் ஒன்று, 1872இல் கட்டியது. நியூ ஜேர்சியில் மிஞ்சியிருக்கும் பழைய கூரைப்பாலம் இது ஒன்றுதான். 1960இல் சேதமடைந்தபோது இடித்துவிட்டுப் புதுப்பாலம் போட நினைத்தார்களாம். ஊரவர்கள் விடவில்லை. அடுத்த வருடமே பழைய மரங்களையும் சேர்த்துத் திருப்பிக் கட்டினார்கள். ஒரு திசை வாகனம் இதற்குள்ளாலும், மறுதிசை வாகனம் பக்கத்துப் புதுப்பாலத்தாலும் போகிறது. உள்ளே சைக்கிள் ஓடினால் பலகை தடதடக்கும். எங்கள் வீட்டில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்ட 90களின் நினைவு ஏனோ அந்தச் சத்தத்தில் வந்தது.

பாலத்தடியில் சம்பல் பூசிய பாணைச் சாப்பிட்டோம். புல்லில் இருந்து எழும்பினால் கால், முழங்கால் மடிப்பு, பிள்ளைகளின் கழுத்து எல்லாம் பாருங்கள். இங்கு மான் உண்ணி கடித்து லைம் என்ற காய்ச்சல் வரும்.

திரும்பும் வழி ஓடையோரமாக இறங்கும் கிரவல் ஒழுங்கை. நிழல், தண்ணீர்ச் சத்தம், வாகனம் அருமை. பிறகு ஒரு தோட்டத்து வாசலில் மேசை போட்டுச் சோளப்பொத்தியும் தக்காளியும் வைத்திருந்தார்கள். ஆள் இல்லை. விலை எழுதிய மட்டையும், காசு போட ஒரு தகரப்பெட்டியும்தான். மகன் காசைப் போட்டுவிட்டு இரண்டு தரம் எண்ணிப் பார்த்தான், குறைந்துவிட்டதோ என்று.

அந்தத் தோட்டத்தைத் தாண்டி ஒரு சிறு மேடு வந்தது. "அப்பா, இப்பவே மாத்துங்கோ, இப்ப" என்று மகன் பின்னால் நின்று கத்தினான். அண்ணை லீவரை இரண்டு தரம் தட்டினார். கால் காற்றில் சுற்றுவதுபோலச் சுற்ற, ஆமைபோல, ஆனால் இறங்காமல் ஏறினார். மேலே போய் நின்று ரயரைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தார்.

"சீற்றை ஒரு அங்குலம் பதிக்கவேணும்" என்றார். அடுத்த ஞாயிறு மேலதிக வேலை. அதற்கடுத்த ஞாயிறு பிரெஞ்ச்ரவுன் வரை போவதாகப் பேசியிருக்கிறோம். அது முழுக்க ஆற்றோரத் தட்டைப் பாதைதான், அண்ணையின் மனைவியும் வருவதாகச் சொல்கிறா.